பெரிய கடனை மாசா மாசம் கழிக்கிறது எப்படி: எங்க வீட்டு நோட்டுக் கணக்கு

2022 ஜூன் கடைசில எங்க வீட்டுக் கடன் மொத்தம் 6,42,000 ரூபா. 2025 நவம்பர்ல அது சைபர் ஆச்சு. நடுவுல லாட்டரி எதுவும் அடிக்கல, நிலம் எதுவும் விக்கல, சம்பளமும் பெருசா ஏறல. எங்க ஊர் சேலம். வீட்டுக்காரர் செவ்வாய்ப்பேட்டைல வெள்ளிக் கொலுசு பட்டறைல வேலை, வாரக் கூலி. நான் கடைவீதில ஒரு ஜவுளிக்கடைல பில்லிங். எப்படிக் கட்டுனீங்கன்னு தெரிஞ்சவங்க நெறைய பேரு கேட்கறாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதுக்கு ஒரே தடவையா எழுதிடலாம்னு தான் இது. கணக்கு தெரியாதவங்களுக்கும் புரியற மாதிரி சொல்றேன், ஏன்னா அப்ப எனக்கும் ஒண்ணும் தெரியாது.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். கடன் இருக்கற வீட்ல எல்லாரும் சொல்ற வார்த்தை "மொத்தமா ஒரு தொகை வரட்டும், அடைச்சிடலாம்". சீட்டு விழட்டும், போனஸ் வரட்டும், ஊர்ல இருக்கற அந்த அஞ்சு சென்ட் விக்கட்டும்னு. நாங்களும் நாலு வருஷம் அப்படித்தான் இருந்தோம். மொத்தமா வராது, வந்தாலும் அதுக்கு முன்னாடியே வேற ஒரு செலவு வாயைத் திறந்துட்டு நிக்கும். கடனை அடைக்கறது மாசா மாசம் மாறாம போற ஒரே தொகை தான். எங்களுக்கு அது 21,000. அந்த 21,000 எப்படி வந்துச்சு, எங்க போச்சுங்கறது தான் இந்த மொத்தக் கட்டுரையும்.

சரி, முதல் வேலை நோட்டு. ஆப்பு எக்செல் எல்லாம் தெரிஞ்சவங்க அதுல போடுங்க, நாங்க பசங்களோட நாப்பது பக்க நோட்டுல தான் போட்டோம். நாலு கட்டம் போதும்: யாருக்கு, பாக்கி எவ்ளோ, வட்டி எவ்ளோ, மாசம் எவ்ளோ போகுது. இதுல கஷ்டம் என்னன்னா புருஷனுக்குத் தெரியாம பொண்டாட்டி வாங்கினது, பொண்டாட்டிக்குத் தெரியாம புருஷன் வாங்கினதுன்னு ரெண்டு பக்கமும் இருக்கும், அன்னைக்கு ராத்திரி அது எல்லாம் வெளிய வந்தே ஆகணும். எங்க வீட்லயும் வந்துச்சு. தண்டல் வாங்கினது எனக்குத் தெரியாது, நாத்தனார் கிட்ட நான் 50,000 வாங்கினது அவருக்குத் தெரியாது. சண்டை வரும்னு பயந்து எழுதாம விட்டீங்கன்னா கணக்கே தப்பாயிடும், ஒரு நாள் சண்டையோட போகட்டும்னு எழுதிடுங்க.

எங்க நோட்டு இப்படி இருந்துச்சு. பேங்க் பர்சனல் லோன் பாக்கி 2,40,000, வட்டி வருஷத்துக்கு 16 சதவீதம், மாசத் தவணை 7,900. நகைக் கடன் 1,20,000, வருஷத்துக்கு 12 சதவீதம், மாசம் வட்டி மட்டும் 1,200. தெரிஞ்சவர் கிட்ட மூணு வட்டிக்கு 1,00,000, மாசம் வட்டி மட்டும் 3,000. கிரெடிட் கார்டு 85,000, மாசம் குறைஞ்சது கட்டியே ஆக வேண்டிய மினிமம் 4,250. வாரக் குழு லோன் பாக்கி 35,000, வாரம் 650, மாசத்துக்கு சுமாரா 2,800. தண்டல் பாக்கி 12,000, தினம் 200. நாத்தனார் கிட்ட 50,000, வட்டி இல்ல.

இப்ப வட்டியைப் புரிஞ்சிக்கணும், இங்க தான் நெறைய பேரு ஏமாறுறது. நம்ம ஊர்ல "ரெண்டு வட்டி, மூணு வட்டி"ன்னு சாதாரணமா சொல்லிடுவோம், கேட்கறதுக்குச் சின்ன நம்பரா இருக்கும். பேங்க் 16 சதவீதம்னு சொன்னா ஐயோ பதினாறான்னு தோணும். ஆனா பேங்க் சொல்றது வருஷத்துக்கு, வெளிய சொல்றது மாசத்துக்கு. மூணு வட்டின்னா நூறு ரூபாய்க்கு மாசம் 3 ரூபா, வருஷத்துக்கு 36 சதவீதம். அஞ்சு வட்டின்னா 60 சதவீதம். பத்து வட்டிக்கு வாங்கினா ஒரே வருஷத்துல வாங்கின அசலுக்கு மேல வட்டியே 20 சதவீதம் கூடக் கட்டியிருப்பீங்க, அசல் அப்படியே நிக்கும். அதனால நோட்டுல எல்லாத்தையும் வருஷ சதவீதமா மாத்தி எழுதுங்க, 12ஆல பெருக்கினா போதும்.

தண்டல் இன்னும் மோசம், ஏன்னா அதுல வட்டின்னு ஒரு வார்த்தையே வராது. 20,000 தண்டல்னு சொல்லி 2,000 பிடிச்சிட்டு 18,000 கையில குடுப்பாங்க, தினம் 200 வீதம் 100 நாள். "நூறு நாளைக்கு 2,000 தானே"ன்னு தோணும். ஆனா அந்த 18,000 நூறு நாளும் உங்க கையில இல்லையே, முதல் நாள்ல இருந்தே திருப்பிக் குடுத்துட்டே வர்றீங்க, சராசரியாப் பார்த்தா 9,000 தான் உங்க கிட்ட இருந்திருக்கு. 9,000 ரூபாய்க்கு நூறு நாள்ல 2,000 வட்டி, வருஷத்துக்குப் போட்டா 80 சதவீதத்தைத் தொடும். இதைக் கணக்கு போட்டுக் காட்டினப்ப எங்க வீட்டுக்காரர் ரொம்ப நேரம் பேசவே இல்ல.

பைனான்ஸ்ல "ஃபிளாட் ரேட்"னு ஒண்ணு சொல்வாங்க, வண்டி லோன் வாங்கினவங்களுக்குத் தெரியும். ஒரு லட்சம், 12 சதவீதம் ஃபிளாட், மூணு வருஷம்னா 36,000 வட்டி சேர்த்து 1,36,000ஐ 36ஆல வகுத்து மாசம் 3,778 வாங்குவாங்க. நீங்க அசலைக் கழிச்சிட்டே வந்தாலும் கடைசி மாசம் வரைக்கும் முழு ஒரு லட்சத்துக்கும் வட்டி போடுறாங்கன்னு அர்த்தம். குறையற பாக்கிக்கு மட்டும் வட்டி போடற பேங்க் கணக்குல பார்த்தா அது 21 சதவீதத்துக்குச் சமம். லோன் பேச்சு வரும்போதே ஃபிளாட்டா, குறையற பாக்கிக்கான்னு கேட்டுடுங்க.

கிரெடிட் கார்டு மினிமம் பத்தி எவ்ளோ சொன்னாலும் தகும். எங்க கார்டுக்கு மாசம் 3.5 சதவீதம், வருஷத்துக்கு 42. அந்த வட்டி மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி. 85,000 ரூபாய்க்கு ஒரு மாச வட்டியும் ஜிஎஸ்டியும் சேர்ந்து 3,510 வருது. நாங்க கட்டின மினிமம் 4,250. அப்ப அசல்ல கழிஞ்சது 740 ரூபா. மாசம் நாலாயிரத்துக்கு மேல கட்டிட்டு இருக்கோம், 740 தான் குறையுது. இதுல இன்னொண்ணு, பழைய பாக்கி நிக்கும்போது புதுசா எதாவது வாங்கினா அதுக்கு வழக்கமாக் குடுக்கற வட்டியில்லாத நாளும் கிடையாது, வாங்கின அன்னைக்கே வட்டி ஓட ஆரம்பிச்சிடும்.

இதுக்கு என்ன பண்ணோம்னா பேங்க்குக்கு போன் பண்ணி மொத்த பாக்கியையும் இஎம்ஐயா மாத்தித் தரச் சொன்னோம். 18 சதவீத வட்டில 24 மாசம் போட்டாங்க, தவணை 4,243, அதோட வட்டிக்கு ஜிஎஸ்டி சேர்ந்து 4,450 சுமார். நல்லாப் பாருங்க, மினிமம் கட்டிட்டு இருந்த காசும் இதுவும் கிட்டத்தட்ட ஒண்ணு தான், ஆனா இது ரெண்டே வருஷத்துல முடிஞ்சிடும். அன்னைக்கே கார்டை ரெண்டா வெட்டிட்டோம். அது ரொம்ப முக்கியம், ஏன்னா இஎம்ஐயா மாத்தின உடனே லிமிட்ல இடம் இருக்கற மாதிரித் தெரியும், மறுபடி தேய்ச்சோம்னா ரெண்டு கடன் ஆயிடும்.

இப்ப வரவு செலவு. எங்க வரவு மாசம் 38,000: அவருக்கு வாரம் 5,500 வீதம் நாலு வாரம் 22,000, எனக்கு 16,000. சொந்த வீடு, ஓட்டு வீடு தான், வாடகை இல்ல, அது பெரிய பலம், வாடகை இருக்கறவங்க கணக்கு இதைவிட இறுக்கமா இருக்கும்னு எனக்குத் தெரியும். கடனுக்கு மட்டும் மாசம் 25,150 போயிட்டு இருந்துச்சு, நோட்டுல கூட்டினப்ப தான் தெரிஞ்சது. மிச்சம் 12,850. வீட்டுக்குக் குறைஞ்சது 17,000 வேணும். மாசா மாசம் 4,000 துண்டு விழுது, வருஷத்துக்கு 50,000. அந்தத் துண்டு தான் கார்டுல 85,000ஆ ஏறி நின்னுருக்கு. நாங்க ஊதாரித்தனமா செலவு பண்ணி வந்த கடன் இல்ல அது, கடன் கட்டவே கடன் வாங்கி வந்தது. நெறைய வீட்ல இது தான் நடக்குது, அதனால ஒருத்தரை ஒருத்தர் குத்தம் சொல்றதுக்கு முன்னாடி இந்தக் கூட்டலைப் போட்டுப் பாருங்க.

துண்டை நிறுத்தறதுக்கு ஒரு பொருளை விக்க வேண்டியிருந்துச்சு. ரெண்டு வண்டி இருந்துச்சு, என் ஸ்கூட்டரை 28,000க்கு வித்தோம். டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்ல, பழைய பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பஸ்ல போயி அங்க இருந்து நடந்தேன், காலைல இருபது நிமிஷம் முன்னாடி கிளம்பணும் அவ்ளோ தான். அந்த 28,000ல 12,000 குடுத்து தண்டலை அன்னைக்கே முடிச்சோம், தினம் 200, அதாவது மாசம் 6,000 நின்னுச்சு. மிச்சம் 16,000ஐ மூணு வட்டி அசல்ல குடுத்து 84,000 ஆக்கினோம், வட்டி 2,520ஆ இறங்குச்சு. விக்கற காசை எங்க போடறதுன்னு யோசிக்கறவங்களுக்கு சொல்றேன், எந்தக் கடன் முடிஞ்சா மாசக் கட்டு பெருசா குறையுமோ அதுல முதல்ல போடுங்க, மூச்சு விட இடம் கிடைக்கும்.

அடுத்தது தான் எனக்கு ரொம்ப முக்கியமாத் தெரியற விஷயம், பட்ஜெட் போட்டு ரெண்டு மாசத்துல விட்டுடறவங்க எல்லாம் இங்க தான் விடறாங்க. பால், காய், கேஸ், கரண்ட், பெட்ரோல்னு மாசச் செலவு எல்லாரும் சரியாத்தான் எழுதுவாங்க. அப்புறம் ஆடி வரும். சேலத்துல ஆடின்னா சும்மாவா, கோட்டை மாரியம்மன்ல இருந்து ஒவ்வொரு பேட்டை மாரியம்மனுக்கும் பண்டிகை, ஊர்ல இருந்து சொந்தம் வரும், பொங்கல் வைக்கணும், கறி எடுக்கணும், பொண்ணுக்குத் துணி எடுக்கணும். "திடீர்னு செலவு வந்துடுச்சு"ன்னு சொல்லி 5,000 கைமாத்து வாங்குவோம். ஆடி திடீர்னா வருது? எங்க பாட்டி காலத்துல இருந்து வருஷா வருஷம் அதே மாசம் தான் வருது. ஜூன்ல ஸ்கூல் திறக்கறது, தீபாவளி, பொங்கல், வண்டி இன்சூரன்ஸ், வீட்டு வரி, தை மாசமும் வைகாசி மாசமும் வரிசையா வர்ற கல்யாண மொய், எதுவுமே திடீர் இல்ல. நாம திடீர்ச் செலவுன்னு சொல்றதுல முக்காவாசி காலண்டர்ல இருக்கற செலவு.

அதனால காலண்டரை வச்சிட்டு உட்காருங்க. எங்களுக்கு இப்படி வந்துச்சு: ஸ்கூலுக்கு 6,000, ஆடிக்கு 5,000, தீபாவளிக்கு 8,000, பொங்கலுக்கு 3,000, மொய் வருஷத்துக்கு 5,000, வண்டி இன்சூரன்ஸ் வீட்டு வரி சேர்த்து 3,000. மொத்தம் 30,000, பன்னெண்டால வகுத்தா மாசம் 2,500. இந்த 2,500ஐ மாசம் பொறந்ததும் தனி அக்கவுண்டுக்கு அனுப்பிடுவேன், அந்த அக்கவுண்டுக்கு ஏடிஎம் கார்டு வாங்கல, போன்ல ஜிபேலயும் சேர்க்கல. ஆடி வந்தப்ப அதுல காசு இருந்துச்சு. கல்யாணம் ஆகி பதினாலு வருஷத்துல கைமாத்து வாங்காம கும்பிட்ட முதல் ஆடி 2023 ஆடி தான். 2022 ஆடிக்கு சேர நேரம் பத்தல, அந்த வருஷம் கறி எடுக்கல, சொந்தக்காரங்களைக் கூப்பிடல, கேட்டவங்க கிட்ட கடன் கட்டிட்டு இருக்கோம்னு நேராவே சொல்லிட்டோம்.

மொய் பத்தி நெறைய பேரு சங்கடப்படுவாங்க. நமக்கு 1,000 வச்சவங்களுக்கு நாம 500 வைக்க முடியாது, அது திருப்பிக் குடுக்கற கடன் மாதிரி தான், மொய் நோட்டுல எழுதி வச்சிருப்பாங்க. அதனால மொய்யையும் கடனாவே நினைச்சு பழைய மொய் நோட்டை எடுத்துப் பார்த்து, இந்த வருஷம் யார் வீட்ல விசேஷம் வரும்னு முன்னாடியே கணக்கு போட்டோம். புதுசா யாருக்கும் பெருசா வைக்கறதை நிறுத்திட்டோம், வாங்கினதை மட்டும் அப்படியே திருப்பி வச்சோம்.

இப்ப பாருங்க, 38,000ல வீட்டுச் செலவு 14,500, காலண்டர் அக்கவுண்டு 2,500, ரெண்டும் சேர்த்து 17,000. மிச்சம் 21,000. கட்டியே ஆக வேண்டியது: பர்சனல் லோன் 7,900, கார்டு இஎம்ஐ 4,450, மூணு வட்டிக்கு 2,520, வாரக் குழு 2,800, நகை வட்டி 1,200. கூட்டினா 18,870. கையில நிக்கறது 2,130 ரூபா. இவ்ளோ பெரிய கடனுக்கு 2,130 ரூபாயை வச்சு என்ன பண்றதுன்னு அன்னைக்கு எனக்கு அழுகையே வந்துச்சு. ஆனா அந்த 2,130 தான் எல்லாத்தையும் முடிச்சது, எப்படின்னு சொல்றேன்.

கூடுதலா இருக்கற காசை எந்தக் கடன் மேல போடறதுங்கறதுக்கு ரெண்டு வழி சொல்வாங்க. ஒண்ணு, இருக்கறதுலயே சின்னக் கடனை முதல்ல முடிக்கறது, ஒண்ணு முடிஞ்சிடுச்சுங்கற தெம்பு வரும். இன்னொண்ணு, வட்டி ஜாஸ்தி இருக்கறதை முதல்ல முடிக்கறது, கட்டற மொத்தக் காசு கம்மியாகும். கணக்குப்படி ரெண்டாவது தான் சரி. ஆனா ஆறு கடன் ஏழு கடன்னு இருந்து தினம் ஒருத்தர் போன் பண்ற வீட்டுக்கு முதல்ல ஒரு சின்னதை முடிச்சிட்டு அப்புறம் வட்டிக்கு வர்றது தப்பில்லைன்னு தான் நான் சொல்வேன், மனசு ஒடிஞ்சு நடுவுல விட்டுட்டா எந்தக் கணக்கும் உதவாது. எங்களுக்குத் தண்டல் முடிஞ்சதுலயே அந்தத் தெம்பு வந்துடுச்சு, அதனால வட்டி வழியைப் பிடிச்சோம். 36 சதவீதம் ஓடற மூணு வட்டிக் கடன் மேல மாசம் 2,130 அசல் போச்சு. கடன் குடுத்தவரு முதல்ல ஒத்துக்கல, அசல்னா மொத்தமாக் குடுங்கன்னாரு. பேசி, ஒவ்வொரு தடவையும் புரோநோட்டுக்குப் பின்னாடி தேதி போட்டு வரவு எழுதிக் கையெழுத்து வாங்கினோம். இதை விடவே கூடாது, வாய்ப்பேச்சா அசல் குடுக்காதீங்க.

அடுத்த மாசம் என்ன ஆகும்னா அசல் குறைஞ்சதால வட்டி 60 ரூபா கம்மி. அந்த 60 ரூபாயும் அசலுக்கே போகும். அதுக்கடுத்த மாசம் இன்னும் கொஞ்சம். மொத்தத் தொகை 21,000ங்கறதை மட்டும் குறைக்கக் கூடாது. பதிமூணாவது மாசம் வாரக் குழு லோன் முடிஞ்சது, வாரம் 650 இனிமே நமக்குத் தானேன்னு தோணும், அந்த 2,800ஐயும் தூக்கி மூணு வட்டி மேல போட்டோம். எல்லாரும் தடுமாறுற இடம் இது, ஒரு கடன் முடிஞ்சா அந்தத் தவணைக் காசு வீட்டுச் செலவுல கரைஞ்சிடும், அடுத்த கடன் அப்படியே நிக்கும். வாய்க்கால்ல ஒரு வயல் பாய்ஞ்சு முடிஞ்சதும் மடையை அடுத்த வயலுக்குத் திருப்பி விடற மாதிரி திருப்பி விட்டுட்டே போகணும். போட்ட கணக்குப்படி இருபத்தோராவது மாசம் மூணு வட்டி, இருபத்திநாலாவது மாசம் கார்டு, முப்பத்திரெண்டுல நகை, முப்பத்தஞ்சுல பர்சனல் லோன், முப்பத்தெட்டுல நாத்தனார் காசு. நகைக்கு வந்தப்ப எல்லாம் மாசம் 13,000 அது மேலயே போச்சு. 2,130ல ஆரம்பிச்சது.

வட்டி பார்த்தா 12 சதவீத நகைக் கடனுக்கு முன்னாடி 16 சதவீத பர்சனல் லோன் தானே வரணும்னு நீங்க கேக்கலாம், சரியான கேள்வி. அந்த லோனை முன்கூட்டியே முடிச்சா பாக்கில 4 சதவீதம் சார்ஜ்னு எங்க அக்ரிமென்ட்ல இருந்துச்சு, அதோட நகையை வருஷா வருஷம் திருப்பி வைக்கணும், ஒரு வருஷம் தவறினா ஏலத்துக்குப் போயிடும்ங்கற பயம் எனக்கு. அதனால நகையை முதல்ல எடுத்தோம், கொஞ்சம் காசு கூடப் போயிருக்கும், பரவாயில்லன்னு தான் இப்பவும் நினைக்கறேன். உங்க லோன்ல முன்கூட்டி முடிக்க சார்ஜ் உண்டான்னு பேப்பரைப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

நாத்தனார் கிட்ட எந்த மாசம் வரும்னு நோட்டைக் காட்டியே சொன்னேன். "வட்டி வேண்டாம் அண்ணி, ஆனா மறந்துட்டீங்களோன்னு தான் மனசு உறுத்துச்சு"ன்னாங்க. வட்டி இல்லாத கடனுக்கு நாம குடுக்க வேண்டிய வட்டி தகவல் தான், ஆறு மாசத்துக்கு ஒரு தடவை எந்தக் கடன் முடிஞ்சுதுன்னு போன் பண்ணி சொல்லிட்டே இருந்தேன்.

வாரக் கூலி வாங்கறவங்களுக்குத் தனியா ஒண்ணு. மாசத்துக்கு நாலு வாரம்னு போடுங்க, அஞ்சு சனிக்கிழமை வர்ற மாசம் வருஷத்துக்கு நாலாவது வரும். அந்த அஞ்சாவது வாரக் கூலியைக் கணக்குலயே சேர்க்காதீங்க. எங்களுக்கு அது வருஷத்துக்கு 22,000. பொங்கல், தீபாவளி, ஆடி வாரங்கள்ல பட்டறை லீவு விடுவாங்க, அதுக்கு ஈடு பண்ணது போக மிச்சம் ஆஸ்பத்திரி மாதிரி நிஜமாவே திடீர்னு வர்றதுக்குன்னு போஸ்ட் ஆபீஸ்ல சேர்ந்துச்சு. ஏற்காட்டுல எஸ்டேட் வேலைக்குப் போற எங்க சித்திக்கு இன்னும் கஷ்டம், மார்கழி, தைல காபிப் பழம் பறிக்கற சீசன்ல நல்லாக் கிடைக்கும், மத்த மாசம் வெறும் நாள் கூலி, அதுவும் மழையில நாள் குறையும். அவங்களுக்கு நான் சொன்னது, இருக்கறதுலயே மோசமான மாசம் எதுவோ அந்த வரவுக்கு வீட்டுச் செலவை அமைச்சுக்கோங்க, சீசன்ல கூட வர்றது முழுசும் கடனுக்குன்னு. நல்ல மாசத்தை வச்சு பட்ஜெட் போட்டா கெட்ட மாசம் கடன் வாங்க வச்சிடும்.

14,500ல எதைக் குறைச்சீங்கன்னு கேப்பாங்க. ரேஷன் அரிசி முழுசும் பயன்படுத்தினோம், கேபிளை நிறுத்தினோம், போன் ரீசார்ஜ் ஒருத்தருக்குக் குறைச்சோம், வெளிய சாப்பாடு நின்னுச்சு. ஆனா ஆளுக்கு மாசம் 500 கைச்செலவு வச்சிருந்தோம், அதுக்கு யாரும் யாரையும் கணக்கு கேக்கக் கூடாது. பொண்ணுக்கு ஞாயித்துக்கிழமை தட்டுவடை செட்டு வாங்கிக் குடுத்தோம், அதை நிறுத்தி எந்தக் கடனும் அடையாது, மூணு வருஷம் வீடு ஜெயில் மாதிரி இருந்தா யாரும் தாங்க மாட்டாங்க. பெருசா போறது எங்கன்னு பாருங்க, வட்டிலயும் வண்டிலயும் விசேஷத்துலயும் தான் போகும்.

38 மாசம்னு போட்டது 41 மாசம் ஆச்சு. ஒரு தடவை மாமியாருக்கு ஆபரேஷன், போஸ்ட் ஆபீஸ் காசு போக அந்த மாசம் கூடுதல் எதுவும் கட்ட முடியல. 2025ல வெள்ளி விலை ஏறிட்டே போச்சு, பட்டறைக்கு ஆர்டர் கம்மியாகி சில வாரம் பாதிக் கூலி தான். அப்ப பண்ணது, கட்டியே ஆகற தவணையை மட்டும் கட்டிட்டு கூடுதலை நிறுத்தினோம், புதுசா கடன் வாங்கல. தள்ளிப் போனா தள்ளிப் போகட்டும், நோட்டுல தேதியை மாத்தி எழுதிட்டு அடுத்த மாசம் தொடர்ந்தோம். மொத்தமா 6,42,000க்கு 8 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல கட்டியிருக்கோம். பழைய மாதிரியே வட்டியும் மினிமமும் மட்டும் கட்டிட்டு இருந்திருந்தா அந்த மூணு வட்டி, நகை அசல் எல்லாம் இன்னைக்கும் அப்படியே நின்னுருக்கும்.

பயத்துல தப்பு பண்றவங்களுக்காக இதையும் சொல்லணும். பேங்க்கோ பைனான்ஸோ வசூலுக்கு ஆள் அனுப்பினா காலைல 8 மணிக்கு முன்னாடியும் சாயங்காலம் 7 மணிக்கு மேலயும் போன் பண்ணக் கூடாது, மிரட்டக் கூடாது, சொந்தக்காரங்க முன்னாடி அசிங்கப்படுத்தக் கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் 2022லயே சொல்லியிருக்கு. மீறினா முதல்ல அந்த பேங்க்குக்கே எழுத்துல புகார் குடுங்க, 30 நாள்ல சரியான பதில் வரலைன்னா ரிசர்வ் பேங்க் குறைதீர்ப்பாளர் கிட்டப் போகலாம், விவரம் கேட்க 14448. தண்டல், மீட்டர் வட்டி, கந்து வட்டி எல்லாம் 2003ல வந்த தமிழ்நாட்டுச் சட்டப்படி குத்தம், மூணு வருஷம் வரை ஜெயில் உண்டு. மிரட்டல் இருந்தா போலீஸ்ல, இல்லைன்னா கலெக்டர் ஆபீஸ்ல திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துல மனு குடுக்கலாம். இலவச சட்ட உதவிக்கு 15100. போன் லோன் ஆப்புல வாங்கி போட்டோவைக் காட்டி மிரட்டறாங்கன்னா சைபர் கிரைம் நம்பர் 1930க்கு உடனே போன் பண்ணுங்க, அவங்களுக்குக் கட்ட வேற ஆப்புல வாங்காதீங்க. ராத்திரி தூக்கம் இல்லாம தப்பா யோசனை வந்துச்சுன்னா 14416, டெலி மானஸ்ங்கற அரசாங்க மனநல உதவி நம்பர், தமிழ்லயே பேசுவாங்க, காசு கிடையாது. நானும் ஒரு காலத்துல மொட்டை மாடில உட்கார்ந்து விடிய விடிய யோசிச்சவ தான், அப்ப இந்த நம்பர் எனக்குத் தெரியாது.

தவணை கட்ட முடியாமப் போனவங்க கிட்ட "செட்டில்மென்ட் பண்ணிக்கோங்க, பாதி கட்டினா போதும்"னு கூப்பிடுவாங்க. வேற வழியே இல்லைன்னா பண்ணுங்க, ஆனா நம்ம கடன் வரலாறு இருக்கற சிபில் ரிப்போர்ட்ல அது முடிஞ்சதுன்னு வராது, செட்டில்டுன்னு வரும், அதுக்கப்புறம் வீட்டு லோன் கேட்டுப் போனா அது குறுக்க நிக்கும். முழுசாக் கட்ட முடியறவங்க இதுல போகாதீங்க, தவணையைக் குறைச்சு காலத்தை நீட்டித் தரச் சொல்லிக் கேளுங்க.

ஒவ்வொரு கடனும் முடியறப்ப பேப்பரை வாங்கிடுங்க. பேங்க் லோனுக்கு பாக்கி இல்லைங்கற என்ஓசி, கார்டு வேண்டாம்னா மூடிட்டோம்னு எழுத்துல ஒரு மெயில், வெளிய வாங்கினதுக்குப் புரோநோட்டு, குடுத்த வெத்துச் செக்கு, ஆதார் ஜெராக்ஸ் எல்லாம். நகையை எடுக்கறப்ப எடை போட்டு பழைய ரசீதோட ஒத்துப் பார்த்து வாங்குங்க. ரெண்டு மூணு மாசம் கழிச்சு சிபில் ரிப்போர்ட்டை வருஷத்துக்கு ஒரு தடவை இலவசமா எடுக்கலாம், அதுல எல்லாம் முடிஞ்சதாக் காட்டுதான்னு பாருங்க. எங்களுக்கு முடிஞ்ச பர்சனல் லோன் இன்னும் பாக்கி இருக்கற மாதிரியே காட்டுச்சு, என்ஓசியை வச்சு ஆன்லைன்லயே புகார் போட்டு சரி பண்ணோம். நாத்தனாருக்குக் கடைசியாக் குடுக்க வேண்டியதை ஜிபேல அனுப்பல, நாங்க ரெண்டு பேரும் அவங்க வீட்டுக்கே போயி கையில குடுத்துட்டு வந்தோம். டிசம்பர் மாசம் பொறந்தப்ப அந்த 21,000 கையில இருந்துச்சு. அதுல 15,000க்கு ஆர்டி, அதாவது மாசா மாசம் சேர்க்கற சேமிப்பு, போட்டுட்டோம், மிச்சம் 6,000ல பொண்ணுக்கு ஒரு சைக்கிள்.